ஆய்வு சொன்னது மரத்தை, நாம் ஒட்டியது படத்தை

"ஆராய்ச்சியிலேயே நிரூபித்திருக்கிறார்கள்" என்று ஒரு கட்டட வடிவமைப்பாளர் சொன்னால், எந்த ஆராய்ச்சி, யாரை வைத்து, எங்கே என்று கேளுங்கள். கட்டடத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன். பெரும்பாலும் முடிவை முதலில் எடுத்துவிட்டு, அதற்கு ஏற்ற ஆய்வைப் பிறகுதான் தேடுகிறோம்.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் சுவர் முழுக்கக் காட்டின் படம் ஒட்டியிருக்கிறார்கள். செக்கச்செவேலென்ற இலைகளோடு ஏதோ குளிர்நாட்டு மரங்கள். பொதிகை மலையின் படம்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்தப் படத்துக்குப் பின்னால் அடைபட்டுக் கிடப்பது ஒரு நல்ல ஜன்னல். அதற்கு வெளியே வேப்பமரம் நிற்கிறது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எக்ஸ்ரே உறையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, இயற்கையைப் பார்த்தால் நோய் சீக்கிரம் குணமாகும் என்று அமெரிக்க ஆய்வு சொல்வதாகப் பதில் வந்தது.

அந்த ஆய்வு உண்மைதான். ரோஜர் உல்ரிச் 1984-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் எடுத்துப் பார்த்தார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறைகளில் இருந்தவர்கள் 23 பேர், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த அறைகளில் இருந்தவர்கள் 23 பேர். வயது, பாலினம் முதலியவை ஒத்துப்போகும்படி ஜோடி சேர்த்து ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஒரே மருத்துவமனை, ஒரே வகை அறுவை சிகிச்சை, 46 பேர். படத்துக்கும் பலன் உண்டா என்பது தனிக் கேள்வி. ஆனால் ஜன்னலைப் பற்றிய ஆய்வைக் காட்டியே ஜன்னலை அடைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்!

நமக்கு நெருக்கமான சான்றுகளை யாரும் புரட்டுவதில்லை. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தார் சென்னை உட்பட ஐந்து இந்திய நகரங்களில் அலுவலக ஊழியர்களிடம் கேட்டு, 6,000-க்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டி 2016-ல் வெளியிட்டார்கள். ஜன்னலைத் திறந்து மின்விசிறியில் வேலை செய்து பழகியவர்கள், ஏசி அறைகளுக்கான சர்வதேச அளவுகோல்கள் அனுமதிப்பதைவிடக் கூடுதல் வெப்பத்திலும் வசதியாகவே உணர்கிறார்கள் என்பது அதில் தெரிந்தது. அது அலுவலகங்களைப் பற்றியது, வீட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும், மேற்கு வெயிலுக்கு நேராகக் கண்ணாடிச் சுவர் எழுப்பி, பிறகு அதைக் குளிர்விக்க ஏசி மாட்டுகிறவர்கள் ஒருமுறை படிக்கலாம்.

வீடுகளுக்கு 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு இருக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில், திறக்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு அதே கணக்கைப் போட்டால் 20 சதுர அடி வருகிறது. ஐந்துக்கு நான்கு ஜன்னல் வைத்தால் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் இப்போது எல்லோரும் மாட்டுவது இரண்டு பலகை ஸ்லைடிங் ஜன்னல். ஒரு பலகையை நகர்த்தினால் அது மற்றதன் பின்னால் போய் நிற்கும், திறப்பது பத்து சதுர அடிதான். கீல் வைத்த பழைய மரக்கதவு ஜன்னல் முழுதாகத் திறக்கும். வாஸ்துவுக்காக வாசலையே நகர்த்துகிறவர்கள் ஆடி மாத மேல்காற்றுக்காக ஒரு ஜன்னலை மாற்றி வைக்கச் சம்மதிப்பதில்லை.

பெரிய குறை வேறொன்று. கட்டி முடித்துச் சாவியைக் கொடுத்த பிறகு நாங்கள் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதில்லை, புதுமனைப் புகுவிழாச் சாப்பாட்டோடு சரி. நான் வரைந்த ஒரு வீட்டில் பள்ளியில் படிக்கும் பெண், படுக்கையறை வெப்பமானியைப் பார்த்து நாள்காட்டித் தாள்களின் பின்புறம் எழுதி வைத்திருந்தாள். நண்பகலைவிட இரவு பத்து மணிக்கு அறை அதிகமாகச் சுட்டிருக்கிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளமும் மேற்குச் சுவரும் அந்த நேரத்தில்தான் சூட்டை உள்ளே விடுகின்றன. பாடப்புத்தகத்தில் படித்த விஷயம்தான். ஆனாலும் அந்தத் தாள்களைக் காட்டிய பிறகு, மட்டப்பாவில், அதாவது மொட்டை மாடியில், வெள்ளை ஓடு பதிக்க அவளுடைய அப்பா மறுபேச்சு பேசவில்லை.

வெள்ளத்துக்கும் இப்படி நேரில் அளந்து பார்ப்பதே வழி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி சந்திப்பு, வண்ணார்பேட்டைப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. பேஸ்மட்டம் எத்தனை அடி என்று இன்றும் கொத்தனாரும் வீட்டுக்காரரும் சாலை உயரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அக்கம்பக்கத்துச் சுவர்களில் அந்த வெள்ளத்தின் கறை எங்கே நிற்கிறது என்று டேப் வைத்து அளந்து, 1992 வெள்ளம் எதுவரை வந்தது என்று தெருப் பெரியவர்களையும் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும், அரை நாள் வேலை.

இப்போது என் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: குடியேறி ஒரு கோடையும் ஒரு ஐப்பசி மழையும் கழிந்ததும் வந்து அளந்து பார்ப்பேன். பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதுதான்.