பல்லக்குத் தூக்கியின் விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை நடந்த உரையாடலைப் பார்த்தவர்களுக்கு, நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது தெரியும். முடியாட்சி நாடுகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள் என்று நான் சொன்ன ஒற்றை வரிக்கு, 'பல்லக்குத் தூக்கி' என்ற பட்டம் கிடைத்தது. பட்டம் சூட்டியவர் மன்னராட்சியை எதிர்ப்பவர் என்பதுதான் வேடிக்கை.

சொன்னதையே இன்னொரு முறை சொல்கிறேன். ஒரு நாட்டில் மன்னர் இருக்கிறாரா என்று கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். அந்த மன்னர் 'மாட்டேன்' என்றால் என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும்.

1990இல் பெல்ஜிய நாடாளுமன்றம் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியபோது, மனசாட்சி இடம் தரவில்லை என்று மன்னர் போதுவான் கையெழுத்திட மறுத்தார். அமைச்சரவை, மன்னர் ஆளும் நிலையில் இல்லை என்று அறிவித்து, தானே கையெழுத்திட்டுச் சட்டத்தை வெளியிட்டது. ஓரிரு நாளில் நாடாளுமன்றம் அவரை மீண்டும் பொறுப்பில் அமர்த்தியது. 2008இல் லக்சம்பர்க்கின் கோமகன் ஆன்றி, கருணைக்கொலைச் சட்டத்துக்கு ஒப்புதல் தர மாட்டேன் என்றார். அவருடைய ஒப்புதலே தேவையில்லை என்று அரசியலமைப்பைத் திருத்திவிட்டார்கள். இப்போது, இன்று எஸ்வாத்தினி எனப்படும் சுவாசிலாந்துக்கு வாருங்கள். அங்கே 1972 தேர்தலில் எதிர்க்கட்சி மூன்றே மூன்று இடங்களை வென்றது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் மன்னர் இரண்டாம் சொபூசா அரசியலமைப்பையே தூக்கி எறிந்து, கட்சிகளைத் தடைசெய்து, எல்லா அதிகாரங்களையும் தம் கையில் எடுத்துக்கொண்டார். இந்த மூன்றும் ஒன்றுதான் என்று சாதிப்பவருக்கு என்ன பெயர் வைப்பது? எனக்குப் பட்டம் சூட்டும் பழக்கம் இல்லை.

இப்படிக் கேலிச் சிரிப்புக்கு ஆளாவது எனக்குப் புதியதன்று. பள்ளித் தேர்வொன்றில், மக்களாட்சி நடக்கும் நாட்டில் மன்னர் இருக்க முடியாது என்பது சரியா தவறா என்று கேட்டிருந்தார்கள். பிரிட்டனையும் ஜப்பானையும் மனத்தில் வைத்துத் 'தவறு' என்று எழுதினேன். அந்த ஒரு மதிப்பெண் கிடைக்கவில்லை. கேட்கப் போனபோது, "அதிகம் படித்துவிட்டாயோ?" என்றார் ஆசிரியர், வகுப்பே சிரித்தது. 1947 முதல் நடப்பிலுள்ள ஜப்பானிய அரசியலமைப்பு, ஆட்சி தொடர்பான அதிகாரம் எதுவும் பேரரசருக்கு இல்லை என்று வெளிப்படையாகவே சொல்வதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். அந்தப் பக்கத்தை அவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று அன்று தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

பிறப்பால் ஒருவர் நாட்டின் தலைவராவது அநீதி இல்லையா என்பீர்கள். அநீதிதான். நான் எங்கே மறுத்தேன் என்று காட்டுங்கள். மலேசியாவில் ஒன்பது ஆட்சியாளர்கள் கூடி ஐந்தாண்டுகளுக்கு ஒரு மாமன்னரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றாலும், அந்த ஒன்பது பேரும் அரச குடும்பங்களில் பிறந்தவர்கள்தாம். தாய்லாந்தைக் காட்டுவீர்கள். 1932 முதல் அரசியலமைப்புக்கு உட்பட்ட முடியாட்சி என்று பெயர். ஆனால் மன்னரை அவமதித்ததாகத் தீர்ப்பானால், குற்றவியல் சட்டத்தின் 112ஆவது பிரிவு ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் மூன்று முதல் பதினைந்து ஆண்டுகள் வரை சிறை தருகிறது. அது என் வாதத்தைச் சற்று உறுத்தவே செய்கிறது. அதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

ஆனால் மகுடத்தை இறக்கிவிட்டால் விடுதலை வந்துவிடும் என்று நம்புகிறவர்கள், குடியரசு என்ற பெயரில் மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் ஆளும் வட கொரியாவில் போய் 'மாட்டேன்' என்று சொல்லிப் பார்க்கட்டும். நார்வே மக்கள் 1905இல் வாக்கெடுப்பின் வழியே மன்னர் வேண்டும் என்றார்கள். 2008இல் நேபாளத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த அவை மன்னர் வேண்டாம் என்றது. இரண்டு முடிவுகளுக்கும் நான் தலைவணங்குகிறேன். இப்படிச் சொல்கிறவரா பல்லக்குத் தூக்கி? எந்த அரண்மனையும் எனக்கு ஒரு வேளைச் சோறு போட்டதில்லை. எதையும் படிக்காமலே ஒருவரை அடிமை என்று அழைக்கும் உரிமை மட்டும் எந்த அரசியலமைப்பில் இருக்கிறதோ தெரியவில்லை.

பெல்ஜிய மன்னரைப் பற்றி அன்றைக்கே கேட்டிருந்தேன். பதிலாகச் சிரிக்கும் முகங்கள் வந்தன. அவற்றில் ஒன்று, நான் எழுதும் எதையும் முதலில் யாரிடம் படிக்கக் கொடுப்பேனோ அவருடையது.