கமலா ஹாரிஸின் இன்னொரு குடும்பம்

2020 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பேசிய கமலா ஹாரிஸ், தன் குடும்பத்தில் யார் யாரெல்லாம் உண்டு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். 'சித்திகள்' என்பது காதில் விழுந்ததும் நமக்குப் பெருமை தாங்கவில்லை. நாள்கணக்கில் அதையே பேசினோம். அதே பட்டியலில் அவர் அன்போடு சொன்ன இன்னொரு பெயரைப் பெரும்பாலும் கவனிக்காமல் விட்டுவிட்டோம்: ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது 1986-ல் அவர் சேர்ந்த மாணவியர் சங்கம் அது. அந்தக் குடும்பத்தைப் பற்றியும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட மாணவியர் சங்கத்தைச் சொராரிட்டி என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஹாலிவுட் படங்களில் வரும் பெரிய வீடும் பார்ட்டியும்தான் பலருக்கு ஞாபகம் வரும். கறுப்பினப் பெண்கள் தொடங்கிய சொராரிட்டிகளின் கதை வேறு. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா ஹோவர்டில் 1908 ஜனவரி 15 அன்று தொடங்கியது. அடிமைமுறை ஒழிந்து அப்போது அரை நூற்றாண்டுகூட ஆகியிருக்கவில்லை. கல்லூரி வாசலை மிதித்த கறுப்பினப் பெண்களே மிகச் சிலர். அந்தச் சிலர் ஒருவரையொருவர் கைவிடாமல் இருக்க ஒரு சங்கம் தேவைப்பட்டது. பட்டம் வாங்கியதோடு உறுப்பினர் தகுதி முடிந்துவிடாது என்பதுதான் இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். படித்து முடித்து ஆசிரியராகவோ மருத்துவராகவோ போகிற ஊரிலும் ஒரு கிளை இருக்கும். அங்கே சந்தா கட்டி, கூட்டம் போட்டு, வேலையில் இறங்க வேண்டும். சாகும்வரை அவர்கள் சகோதரிகள்தான்.

இந்தச் சங்கங்களின் முன்னாள் மாணவியரைக் கொண்டாடும்போது எல்லோரும் 'முதல் பெண்' பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியலும் வேண்டியதுதான். ஆனால் என்னைக் கேட்டால் முதலில் ஐடா ஜாக்சனைச் சொல்வேன்.

மிசிசிப்பியின் விக்ஸ்பர்க்கில் பிறந்தவர். கலிஃபோர்னியாவுக்கு வந்து பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தார். 1921-ல் அங்கே ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் கிளையைத் தொடங்கியவர்களில் ஒருவர். கல்லூரி ஆண்டு மலருக்காகப் பணம் கட்டிப் படமும் எடுத்துக்கொண்டார்கள். மலர் வந்தபோது இவர்கள் படம் மட்டும் அதில் இல்லை. பின்னாளில் ஓக்லாண்ட் பள்ளிகளில் வேலைக்குச் சேர்ந்த முதல் கறுப்பின ஆசிரியரானார். ஓக்லாண்ட் கமலா ஹாரிஸ் பிறந்த ஊர். பெர்க்லி அவர் அம்மா சியாமளா கோபாலன் படிக்கப்போன இடம். அந்தக் குழந்தை பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அதே ஊரில் பாதை போட்டு வைத்தவர் ஐடா ஜாக்சன்.

1933-ல் அவர் சங்கத்தின் தேசியத் தலைவரானார். அடுத்த ஆண்டு கோடையில், பிறந்த மாநிலமான மிசிசிப்பிக்குப் போய் கிராமத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். போன இடத்தில் பார்த்ததெல்லாம் நோயும் பட்டினியும். உடம்பில் தெம்பு இல்லாத பிள்ளைகளுக்கு முதலில் மருத்துவம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வாஷிங்டனிலிருந்து மருத்துவர் டாரத்தி ஃபெரிபீ தலைமையில் 1935 கோடையில் ஒரு குழு கிளம்பியது. ரயிலில் கறுப்பினத்தவருக்கு இருந்த ஒதுக்கலைச் சகிக்க விரும்பாமல் சொந்தக் கார்களிலேயே அத்தனை தூரமும் ஓட்டிப் போனார்கள்.

அங்கே போனால், பருத்திப் பண்ணை முதலாளிகளுக்கு இவர்கள் மேல் சந்தேகம். வடக்கிலிருந்து வந்தவர்கள் ஏதாவது கிளப்பிவிடுவார்களோ என்ற பயம். விளைச்சலில் பங்குக்குப் பயிரிடும் குடும்பங்களை மருத்துவ முகாமுக்கு விடவில்லை. சரி, அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று மருந்தையும் ஊசியையும் காரில் ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போனார்கள். இடுப்பில் துப்பாக்கியோடு குதிரையில் சுற்றிய கங்காணிகள் என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக்கொண்டே நிற்க, குழந்தைகளுக்குப் பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டார்கள். 1942 வரை கோடைதோறும் இது நடந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்த மருத்துவம் அதுதான். போனவர்கள் எல்லோரும் விடுமுறையைக் கொடுத்த தன்னார்வலர்கள். அவர்களில் பலருடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஹோவர்டில் பிறந்த இன்னொரு சங்கம் டெல்டா சிக்மா தீட்டா. 1913 ஜனவரியில் 22 மாணவிகள் தொடங்கினார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் போய் நின்றார்கள். கறுப்பினப் பெண்கள் கடைசியில் வரட்டும் என்று ஏற்பாட்டாளர்களே முனகிய ஊர்வலம் அது. டெல்டாவின் முதல் தேசியத் தலைவர் சேடி அலெக்சாண்டர். தெற்கிலிருந்து பிலடெல்பியாவுக்குக் குடியேறிய 100 கறுப்பினக் குடும்பங்களின் வாழ்க்கைத்தரத்தை ஆராய்ந்து 1921-ல் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் ஒருவர் அந்தத் துறையில் வாங்கிய முதல் முனைவர் பட்டம். ஆனாலும் அதற்கேற்ற வேலை தர ஆளில்லை. விடவில்லை அவர். சட்டம் படித்து வழக்கறிஞரானார். அதிபர் ட்ரூமன் அமைத்த சிவில் உரிமைக் குழுவிலும் இடம்பெற்றார்.

மற்றவர்களை நீங்களே அறிவீர்கள். நாசாவில் கணக்குப் போட்ட கேத்தரின் ஜான்சன், எழுத்தாளர் டோனி மாரிசன் இருவரும் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. 1992-ல் விண்வெளிக்குப் போன மே ஜெமிசன் அந்தச் சங்கத்தின் பதாகையையும் கூடவே எடுத்துப் போனார். 1972-ல் அதிபர் வேட்பாளராகக் களமிறங்கிய ஷெர்லி சிஷம் டெல்டா. ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல், சிக்மா காமா ரோ என்ற இன்னொரு கறுப்பினப் பெண்கள் சங்கம்.

இவை படித்த, வசதியானவர்களின் சங்கங்கள் என்ற குற்றச்சாட்டு பழையது. அதில் உண்மை உண்டு. புதிதாகச் சேர்பவர்களைக் கொடுமைப்படுத்திய சம்பவங்களும் நடந்திருக்கின்றன. அவற்றை மூடி மறைக்கக் கூடாது. ஆனால் படித்தவர்கள் தங்கள் படிப்பை எங்கே கொண்டுபோய்ச் செலவழித்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

டாரத்தி ஹைட்டைப் பாருங்கள். 1929-ல் பார்னார்ட் கல்லூரி, அந்த ஆண்டுக்கு இரண்டு கறுப்பின மாணவிகள் போதும் என்று அவரைத் திருப்பி அனுப்பியது. 1947 முதல் 1956 வரை டெல்டாவின் தேசியத் தலைவர். 1963-ல் மார்ட்டின் லூதர் கிங் தன் புகழ்பெற்ற உரையை ஆற்றிய மேடையில் அவரும் இருந்தார். பேச வாய்ப்புத் தரவில்லை. அடுத்த கோடையிலேயே வெள்ளை, கறுப்பினப் பெண்களை ஒன்றாகச் சேர்த்து மிசிசிப்பிக்கு வாராவாரம் அனுப்பும் வேலையைத் தொடங்கினார். செவ்வாய்க்கிழமை போய், புதன்கிழமை அங்குள்ள பெண்களைச் சந்தித்துப் பேசி, வியாழக்கிழமை திரும்புவார்கள். அப்போது அவர் தலைமை வகித்த நீக்ரோ பெண்கள் தேசிய மன்றத்துக்கு அவருக்கு முன்பு தலைவராக இருந்தவர்களில் ஒருவர், அந்தப் பண்ணைகளுக்குக் காரில் போன மருத்துவர் ஃபெரிபீ.