டெல்லிக்கு ஒரு மறுவரையறை, எங்கள் ஊராட்சிக்கு ஒரு மறுவரையறை

2025 நவம்பரில், வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக, வாக்குச்சாவடி நிலை அலுவலர் எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போன கணக்கெடுப்புப் படிவத்தில், முந்தைய தீவிரத் திருத்தத்தின்போது வெளியான பட்டியலில் நம் பெயரோ பெற்றோரின் பெயரோ எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது என்று கேட்டிருந்தார்கள். அம்மாவின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. கண்டுபிடித்தபோது, கணவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் தாத்தாவின் பெயர் அச்சாகியிருந்தது. நாற்பது ஆண்டுகளாக ஒரு தேர்தல்கூட விடாமல் வாக்களித்துவரும் அம்மா, "அப்போ நான் ஓட்டுப் போட்டது செல்லாதா?" என்று கேட்டார். படித்த பிள்ளை வீட்டில் இருந்ததால் அந்தப் படிவம் நிரம்பியது. அடுத்த தெருவில் தனியாக இருக்கும் பாட்டிக்கு யார் தேடிக் கொடுத்திருப்பார்கள் என்று அன்று இரவு யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, நவம்பர் 2 அன்று அனைத்துக் கட்சிக் கூட்டத்தைக் கூட்டி, இந்தச் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் செல்வதென மு.க.ஸ்டாலின் முடிவெடுத்தபோது, அதை வெறும் கட்சி அரசியல் என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஒரு மாதம் என்று தொடங்கிப் பின்பு டிசம்பர் 14 வரை நீட்டிக்கப்பட்ட அவகாசத்தில், ஆறு கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களுக்குப் படிவம் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்களும் ஊர் மாறியவர்களும் இருமுறை பதிவானவர்களும் அதில் பெருமளவில் இருந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. பட்டியலைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஆனால், பெயர் இருப்பதற்கான ஆதாரத்தைத் தேடும் சுமையை வாக்காளரின் தலையில் ஏற்றிவிட்டு, அவசர அவசரமாகச் செய்தது சரியில்லை என்பதே என் கருத்து. இந்த ஒன்றில் நான் ஸ்டாலின் பக்கம்.

மற்ற இரண்டிலும் அப்படித்தான். 2024 பிப்ரவரி 14 அன்று சட்டமன்றத்தில் அவர் இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவந்தார். ஒன்று, மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்தும் ஒரே நாடு ஒரே தேர்தல் திட்டத்துக்கு எதிரானது. மற்றது, மக்கள்தொகை அடிப்படையில் தொகுதிகளை மாற்றியமைக்கும் மறுவரையறைக்கு எதிரானது. அந்த ஆண்டு டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான 129ஆவது அரசியலமைப்புத் திருத்த மசோதாவின்படி, ஒரு சட்டமன்றம் இடையில் கலைந்தால் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் சட்டமன்றம் மிச்சமிருக்கும் காலத்துக்கு மட்டுமே நீடிக்கும். அதாவது, மக்கள் ஐந்தாண்டுக்கென்று வாக்களித்தாலும், கிடைப்பது ஒன்றரை ஆண்டாக இருக்கலாம். மறுவரையறை விஷயத்தில் 2025 மார்ச் 5 அன்று கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம், 1971 மக்கள்தொகையே அடிப்படையாக 2026க்குப் பிறகும் 30 ஆண்டுகள் தொடர வேண்டும் என்று கேட்டது. மார்ச் 22 அன்று சென்னைக்குக் கேரளம், தெலங்கானா, பஞ்சாப் முதலமைச்சர்களும் கர்நாடகத் துணை முதலமைச்சரும் வந்து ஒரே மேடையில் அமர்ந்தார்கள். மக்களவையின் 543 இடங்களில் நம் 39 இடங்களின் எடை குறையக் கூடாது என்று ஒரு மாநிலத் தலைவர் இவ்வளவு பேரைத் திரட்டியது சாதாரணக் காரியம் இல்லை.

இனி நான் சொல்லப்போவது, இதையெல்லாம் பாராட்டியவர்களில் சிலருக்குப் பிடிக்காது.

தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் நடந்தது. வெற்றி பெற்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அந்தத் தேதி ஐந்தாண்டுகளுக்கு முன்பே அரசுக்குத் தெரியும். ஊராட்சியின் காலம் ஐந்தாண்டுதான், அது முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243இ பிரிவு சொல்கிறது. ஆனாலும் 2025ஆம் ஆண்டு முழுவதும் அங்கே தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வகித்தார்கள். சொல்லப்பட்ட காரணங்கள், ஊராட்சிகளை மாநகராட்சி, நகராட்சிகளோடு இணைக்கும் பணியும் வார்டு மறுவரையறையும். டெல்லி செய்தால் மக்களாட்சிக்கு ஆபத்தாகும் மறுவரையறை, கோட்டையிலிருந்து செய்யும்போது நிர்வாக நடைமுறையாகிவிடுகிறது. சட்டமன்றத்தின் ஐந்தாண்டில் ஒரு நாளைக்கூட விட்டுத்தர மாட்டேன் என்கிறவர், ஊராட்சித் தேர்தல் ஓர் ஆண்டு தள்ளிப்போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் எனக்குக் கூடுதலாக வருத்தம் தருவது, இந்த வலியை நன்றாக அறிந்தவர் அவர் என்பதுதான். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை, பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாக இல்லை என்று தி.மு.க. தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு அ.தி.மு.க. அரசு ஊரகத்தில் மூன்றாண்டுக்கு மேல் இழுத்தடித்தது. நகர்ப்புறத்திலோ 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. அந்த இடைக்காலத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின், 2019 ஜனவரியில் திருவாரூர் மாவட்டம் புலிவலத்தில் தொடங்கி ஊர் ஊராக ஊராட்சி சபைக் கூட்டங்களை நடத்தினார். உள்ளாட்சித் தேர்தலை நடத்தாமல் குடிநீரும் சாலையும் கெட்டுப்போகின்றன என்று அவர் பேசியது உண்மை. 1996இல் சென்னை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயரும் அவர்தான். (பின்னர், 2006இல் அவரே உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்தபோது மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் முறை வந்தது என்பதையும், 2022இலும் மேயர்கள் அதே முறையில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.)

அவர் நல்லது செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கிராம சபைக் கூட்டங்களை ஆண்டுக்கு ஆறாக உயர்த்தியது அவருடைய அரசு. 2025 ஏப்ரலில், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கும் சட்ட முன்வடிவுகளை அவரே அவையில் முன்வைத்தார், மனமார வரவேற்கிறேன். ஆனால், அந்த மாதம் 27 மாவட்டங்களின் ஊராட்சிகளில், அப்படி நியமிக்கப்படுபவர் பக்கத்தில் உட்கார ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை.

வாக்குக்குப் பணம் கொடுப்பதைப் பற்றி அவர் மட்டுமல்ல, இரு பெரும் கட்சிகளிலும் யாரும் பேசுவதில்லை. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே.நகர், 2019இல் வேலூர் என்று பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் நிறுத்தப்பட்ட ஊர்களின் பட்டியல் நம்மிடம் இருக்கிறது. தேர்தல் சீர்திருத்தம் என்று மேடையில் முழங்கும்போது அந்த ஊர்களின் பெயர்கள் மட்டும் யார் வாயிலும் வருவதில்லை.

தலைவர் இல்லாத ஊராட்சி எப்படி இருக்கும் என்று நகரத்து நண்பர்கள் கேட்கிறார்கள். எங்கள் தெருவின் மேல்நிலைத் தொட்டி மோட்டார் 2025 கோடையில் பழுதானது. முன்பெல்லாம் தலைவர் வீட்டுத் திண்ணையில் போய் நின்று சத்தம் போடுவோம்; அவரும் பதிலுக்குச் சத்தம் போடுவார்; ஆனால் சாயங்காலத்துக்குள் ஆள் வந்துவிடும், ஏனென்றால் அடுத்த முறையும் எங்கள் தெருவுக்கு அவர் ஓட்டுக் கேட்டு வந்தாக வேண்டும். அந்தக் கோடையிலோ தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலர்தான் ஒன்றியத்தில் உள்ள ஊராட்சிகள் அனைத்துக்கும் பொறுப்பாக இருந்தார். மாநிலத்தில் 388 ஒன்றியங்கள், 12,525 கிராம ஊராட்சிகள். சராசரி போட்டால் ஒருவருக்கு முப்பதுக்கு மேல் வருகிறது. அவர் மீது எனக்குக் கோபமில்லை, ஒரு மனிதர் எத்தனை மோட்டாரைப் பார்ப்பார்? மனு கொடுத்துப் பதினோராம் நாள் ஆள் வந்தார். அதுவரை அம்மா பக்கத்துத் தெருவிலிருந்து குடம் சுமந்தார்.

2019 டிசம்பரில் அம்மாவின் கையில் நான்கு நிறங்களில் நான்கு வாக்குச்சீட்டுகளைக் கொடுத்தார்கள். தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டை மட்டும் மடிக்கும் முன் இரண்டு முறை பார்த்துக்கொண்டதாகச் சொன்னார். சட்டமன்றத் தேர்தலில் யாருக்குப் போட்டோம் என்பதைக்கூட மறந்துவிடுவார், அந்தச் சீட்டு மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது. அந்தச் சீட்டை மறுபடி எப்போது கொடுப்பார்கள் என்று 2025இல் அவர் என்னிடம் பலமுறை கேட்டார். டெல்லியில் நமக்குள்ள 39 இடங்களுக்காகப் பேசியவரிடம்தான் அந்தக் கேள்வியை நான் கேட்கிறேன்.