வாயை மூட வேண்டியவர்களும் திறக்க வேண்டியவர்களும்

பாகிஸ்தான் பிடித்துவைத்துத் திருப்பி அனுப்பிய காவலர் பூர்ணம் குமார் ஷாவைப் பற்றிய அந்த டிவி விவாத க்ளிப்பை இன்பாக்ஸில் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இதுதான் பதில். பார்த்தேன், முழுசாகவே பார்த்தேன். "எல்லை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் நடந்துபோன ஒருத்தருக்காக எதற்கு இத்தனை பேச்சு?" என்று விவாதத்துக்கு வந்த அண்ணன் ஒருவர் கேட்டதையும், நெறியாளர் சிரித்ததையும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் 2019-இல் பாகிஸ்தானிடம் பிடிபட்ட விமானி அபிநந்தனை இழுத்து, அங்கே அவர் குடித்த டீயை வைத்து ஜோக் அடித்ததையும் பார்த்தேன்.

இத்தனை பேச்சா? எங்கே பேசினார்கள்?

பூர்ணம் குமார் ஷா எல்லைப் பாதுகாப்புப் படைக் காவலர். பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 23, பஞ்சாபின் ஃபிரோஸ்பூர் எல்லையில் பாகிஸ்தானிடம் பிடிபட்டார். திரும்பி வந்தது மே 14. இந்த மூன்று வாரத்தில் நம் சேனல்கள் அவரைப் பற்றி எத்தனை நிமிடம் பேசின என்று அந்த அண்ணன் கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். கர்ப்பிணி மனைவி மேற்கு வங்கத்திலிருந்து ஃபிரோஸ்பூர் வரை போய் அதிகாரிகளைப் பார்க்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஒரு பெண் பாதி இந்தியாவைக் கடந்து போகிறாள். இதற்குப் பெயர் இத்தனை பேச்சு!

எல்லை தெரியாதவராம். பஞ்சாப் எல்லையில் முள்வேலி சர்வதேச எல்லைக்கோட்டின் மீதே நிற்பதில்லை, நம் நிலத்துக்குள் தள்ளித்தான் நிற்கிறது. வேலிக்கு அந்தப் பக்கமும் நம் விவசாயிகளின் நிலம் இருக்கிறது. குறிப்பிட்ட நேரத்தில் கேட்டைத் திறந்துவிடுவார்கள். விவசாயிகள் உழவும் அறுக்கவும் போவார்கள், காவலுக்குப் படையினரும் கூடவே போவார்கள். அதற்கு அப்பால் எல்லை என்பது அங்கங்கே நிற்கும் தூண்கள்தான். அப்படிக் காவலுக்குப் போன மனிதர் வெயிலுக்கு ஒரு மரத்தடிக்கு ஒதுங்கப் போய்ப் பிடிபட்டார் என்றுதான் செய்தி வந்தது. ஏசி ஸ்டுடியோவில் உட்கார்ந்து 'எல்லை தெரியாதா' என்று கேட்பவரைச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் அங்கே நிறுத்திப் பார்க்க ஆசை. சரி, விடுங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நம் சிப்பாய் ஒருவர் எதிரி கையில் சிக்கிவிட்டால் வாயை மூட வேண்டியது ஊடகம், வாயைத் திறக்க வேண்டியது அரசு. இங்கே ஒவ்வொரு முறையும் இது தலைகீழாகவே நடக்கிறது.

அபிநந்தன் கதையையே எடுத்துக்கொள்வோம், டீ ஜோக் அடித்தவருக்காக. 2019 பிப்ரவரி 27. மிக்-21 விழுந்து, ஊர்க்காரர்களிடம் அடி வாங்கி, முகமெல்லாம் வீங்கிய மனிதரை உட்கார வைத்துக் கேமராவை ஓடவிட்டுக் கேள்வி கேட்கிறார்கள். எந்த ஊர்? 'அதை நான் சொல்ல வேண்டுமா? தெற்கிலிருந்து வருகிறேன்.' என்ன விமானம்? 'சொல்லக் கூடாது. உடைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே.' என்ன பணி? 'சொல்லக் கூடாது.' அந்த நிலையிலும் ரகசியம் எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஜெனீவா ஒப்பந்தப்படி ஒரு போர்க் கைதி சொல்ல வேண்டியதெல்லாம் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

அவர் அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்ததை இங்கே நம் சேனல்கள் ஒரே நாளில் ஒன்றுவிடாமல் ஒப்பித்தன. அப்பா விமானப்படையில் ஏர் மார்ஷலாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியும் விமானப்படையில் இருந்தவர், சொந்த ஊர் இது, பெற்றோர் இருக்கும் இடம் இது. அப்பா எந்தத் தமிழ்ப் படத்துக்கு ஆலோசனை சொன்னார் என்பது வரை வந்துவிட்டது. வாசலில் கேமராக்கள் வரிசை கட்டி நின்றன. விசாரணை செய்த பாகிஸ்தான் மேஜருக்கு வேலையே மிச்சம், டிவியைப் போட்டாலே போதும். இதைச் செய்துவிட்டு அதே சேனல்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு தேசபக்தி வகுப்பு எடுத்தன!

அரசு என்ன செய்தது? ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பாகிஸ்தான் தூதரக அதிகாரியை அழைத்து, காயம்பட்டவரைக் காட்சிப் பொருளாக்கியதைக் கண்டித்தார்கள். அந்த வீடியோக்களை நீக்கச் சொன்னார்கள். நல்லது. ஆனால் வீட்டு விலாசம் வரை சொன்ன நம் சேனல்களை யார் கண்டித்தது? மறுநாள் விடுதலை அறிவிப்பு வந்தது. ஆள் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறார். அந்த நேரத்தில் ஓர் அறிவியல் விருது விழாவில் நம் பிரதமர் 'பைலட் ப்ராஜெக்ட்' முடிந்தது என்று சிலேடை பேசுகிறார், அரங்கம் கைதட்டுகிறது. அதற்கப்புறம் அபிநந்தன் படம் தேர்தல் போஸ்டரில் ஏறி, தேர்தல் ஆணையம் தலையிட்டு எடுக்கச் சொன்னது தனிக்கதை. அவர் மீசை மட்டும் எல்லா சலூனுக்கும் போய்ச் சேர்ந்தது.

அதே பிப்ரவரி 27 காலையில் காஷ்மீரின் புட்காமில் நம் ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? விமானப்படையினர் 6 பேர் செத்துப்போனார்கள். தரையில் இருந்த ஒருவரும் போனார். நம் ஏவுகணையே அதை வீழ்த்தியது, பெரிய தவறு நடந்துவிட்டது என்று விமானப்படைத் தளபதி வெளிப்படையாக ஒப்புக்கொண்டது அக்டோபரில். இடையில் ஒரு தேர்தலே முடிந்துவிட்டது. அந்த 6 பேரின் வீட்டு வாசலில் எந்த கேமராவும் வரிசை கட்டி நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"மீடியா கத்தியதால்தானே அபிநந்தன் சீக்கிரம் வந்தார்?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கேளுங்கள். 1999-இல் கார்கில் போரின்போது நச்சிகேதா என்ற விமானி மே 27 அன்று பிடிபட்டார், ஜூன் 3 அன்று விடுதலையானார். எட்டு நாள்தான். அப்போது இந்த அளவு சேனலும் இல்லை, ஹேஷ்டேக்கும் இல்லை. அப்போது இஸ்லாமாபாத்தில் நம் தூதராக இருந்தவர் ஜி. பார்த்தசாரதி. ஆளை வாங்கிக்கொள்ள வாருங்கள் என்று பாகிஸ்தான் தரப்பு கூப்பிட்டபோது, அங்கே பத்திரிகைக்காரர்கள் இருப்பார்களா என்று கேட்டிருக்கிறார். இருப்பார்கள் என்றதும், அப்படியானால் வர மாட்டேன், போர்க் கைதியைக் கேமரா முன்னால் நிறுத்தக் கூடாது என்று மறுத்துவிட்டார். பிறகு செஞ்சிலுவைச் சங்கம் மூலமாகத்தான் நச்சிகேதா வந்து சேர்ந்தார். அரசு வாயைத் திறப்பது என்றால் இதைத்தான் சொல்கிறேன். மேடையில் திறப்பதை அல்ல.

"பாகிஸ்தான் மட்டும் யோக்கியமா?" இல்லை. அடுத்த கேள்விக்குப் போகலாம்.

"பேச்சுவார்த்தை ரகசியமாகத்தான் நடக்க முடியும், அரசு எல்லாவற்றையும் டிவியில் சொல்ல முடியுமா?" இது நியாயமான கேள்வி. டிவியில் சொல்ல யார் கேட்டது? வீட்டுக்குச் சொல்லுங்கள் என்கிறேன். ஷா விஷயத்தில் எல்லையில் இரு தரப்புப் படை அதிகாரிகளின் கொடிச் சந்திப்புகள் நடந்தன, அந்தப் பக்கம் பிடி கொடுக்கவில்லை என்று செய்தி வந்தது. இருக்கட்டும். அதை அந்தக் குடும்பம் செய்தித்தாளில் பார்த்தா தெரிந்துகொள்வது?

இதில் எனக்கென்ன இவ்வளவு கோபம் என்று கேட்டீர்கள் அல்லவா. எங்கள் வேலூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர் வீடு இருக்கும். என் அத்தை மகன் சிஆர்பிஎஃப்பில் இருக்கிறான். சில வருடங்களுக்கு முன் அவன் சத்தீஸ்கரில் இருந்தபோது அங்கே ஒரு தாக்குதல் நடந்தது. சாயங்காலம் அத்தை மாவு அரைத்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் ஒரு வேன் வந்து நிற்கிறது, ஒரு பையன் மைக்கோடு இறங்குகிறான். "அம்மா, இந்த நேரத்தில் உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?" அத்தை மாவுக் கையோடு எழுந்து, "எதுக்குப்பா கேக்குற? யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. கேமராவை இன்னும் கிட்டத்தில் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினான்.

செத்தது அதே பெயருள்ள வேறொருவர். இவனுக்குக் கால் எலும்பு முறிவு, ராய்ப்பூரில் ஆஸ்பத்திரியில் இருந்தான். அந்தத் தகவல் எங்களுக்குப் படைத் தரப்பிலிருந்து வந்தது மறுநாள் மத்தியானம். அதுவரை அத்தை இருந்த இருப்பை நான் எழுதப் போவதில்லை. சேனல்காரனுக்கு எங்கள் வீட்டு வழி தெரிந்திருக்கிறது, நம்பர் எழுதி வைத்திருந்த அலுவலகத்துக்கு மட்டும் தெரியவில்லை. மன்னிப்பா? அந்த மைக் பையன் திரும்பிக்கூட வரவில்லை.

"ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு எல்லா ஊடகத்தையும் குறை சொல்லாதீர்கள்" என்று ஒரு பத்திரிகை நண்பர் போன பதிவில் வருத்தப்பட்டிருந்தார். எல்லோரையும் சொல்லவில்லை அண்ணே, உங்களையும் சொல்லவில்லை. ஆனால் ராணுவ நடவடிக்கைகளை நேரலையில் காட்டாதீர்கள் என்று ஏப்ரல் 26 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுரை கொடுத்ததே, அதற்கப்புறம் என்ன நடந்தது? இரு நாட்டு மோதல் நடந்துகொண்டிருந்த மே 8 ராத்திரி, சேனல்காரர்கள் டிவியிலேயே கராச்சித் துறைமுகத்தை எரித்தார்கள். பாகிஸ்தான் விமானியைப் பிடித்துவிட்டோம் என்றார்கள். விடிந்து பார்த்தால் துறைமுகம் அங்கேயே இருக்கிறது, விமானியைக் காணோம். நம் ஆள் ஒருவர் அதே ராத்திரி அவர்கள் பிடியில் இருந்தாரே, நாம் இங்கே அடிக்கும் ஒவ்வொரு கூத்துக்கும் அங்கே அவர் முதுகு பதில் சொல்ல வேண்டி வரலாம் என்று ஒருவருக்குமா தோன்றவில்லை?

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். 1971 போரில் நம்மிடம் சிக்கிய பாகிஸ்தானியர் சுமார் 93,000 பேர். எல்லோரையும் அனுப்பிவைத்தோம். நம்மவர்கள் 54 பேர் அங்கே சிறையில் இருப்பதாகக் குடும்பங்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. அரசும் பிற்பாடு நாடாளுமன்றத்தில் காணாமல் போனவர்கள் என்று பட்டியல் சொன்னது. பாகிஸ்தான் யாரும் இல்லை என்று சாதிக்கிறது. நம் விமானி தாம்பே பிடிபட்டதாக 1971 டிசம்பரில் அங்கத்தியப் பத்திரிகையிலேயே செய்தி வந்தது. அவர் மனைவி தமயந்தி தாம்பே பாட்மின்டனில் தேசிய சாம்பியன். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அப்போதிலிருந்து டெல்லியில் அவர் ஏறாத அலுவலகம் இல்லை. 2007-இல் உறவினர்கள் 14 பேரைப் பாகிஸ்தான் சிறைகளுக்கு அழைத்துப் போய்க் காட்டினார்கள். 36 வருடம் கழித்து! ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பினார்கள்.

இந்தக் குடும்பங்களுக்காக எந்த நெறியாளராவது மேஜையைத் தட்டியிருக்கிறாரா? பழைய போட்டோவில் மீசை எடுப்பாக இல்லையோ என்னவோ.

காங்கிரஸ் ஆட்சியில் நடந்ததுதானே அது என்று உடனே ஒருவர் ஓடிவருவார். ஆமாம், காங்கிரஸ் ஆட்சியில்தான் தொடங்கியது. அப்புறம் ஜனதா வந்தது, வி.பி.சிங் வந்தார், வாஜ்பாய் வந்தார், மன்மோகன் வந்தார், மோடி வந்தார். யாரை விட்டேன் சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

வேறொன்றும் கேட்கவில்லை. ஒருவர் பிடிபட்டால் அந்த வீட்டுக்கென்று ஓர் அதிகாரி வேண்டும். தினம் ஒருமுறை போன் செய்து, தகவல் இருந்தால் இருக்கிறது என்றும் இல்லாவிட்டால் இல்லை என்றும் சொல்ல வேண்டும். ஆள் திரும்பும்வரை பெயரையும் ஊரையும் குடும்பத்தையும் ஒளிபரப்பினால் அந்த சேனலுக்கு அபராதம். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டுமா, ஐநா தீர்மானம் வேண்டுமா?

தேசவிரோதி என்று எழுத வருபவர்கள் தாராளமாக எழுதுங்கள், நீக்க மாட்டேன். அத்தை மகன் இப்போதும் பணியில்தான் இருக்கிறான். எந்தப் பட்டாலியன், எந்த ஊர் என்று மட்டும் கமெண்டில் கேட்காதீர்கள். கேட்டால் பிளாக் செய்துவிடுவேன்.