மிச்ச அரை எங்கே?

(மலேசியாவில் சுங்கை சிப்புட். செம்பனை லாரி போகிற சாலையோரம் ஓர் ஒட்டுக்கடை. மணியம் அண்ணன் தே தாரிக் தேநீரை ஆற்றுகிறார். கடைக்காரர் ஏற்கெனவே ஆற்றித்தான் கொடுத்தார்.)

மணியம்: என்ன சின்னப்பா, ஊருக்குப் போனவன் கறுத்துப்போய் வந்திருக்கிறாய்?

சின்னப்பன்: நாகர்கோவிலில் கல்யாணம் அண்ணே. மறுநாள் தக்கலைப் பக்கம் திருவிதாங்கோட்டுக்குப் போனேன், அரைப்பள்ளி பார்க்க.

மணியம்: அரைநாள் பள்ளியா? பாவம், நம் தமிழ்ப்பள்ளி மாதிரி அங்கேயும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்களா?

சின்னப்பன்: மாதாகோவில் அண்ணே! மலையாளத்தில் அதைப் பள்ளி என்பார்கள். ஆர்த்தடாக்ஸ் சபையுடையது. இயேசுவின் சீடர் தோமையார் கி.பி. 52இல் கப்பலேறி வந்து ஏழரைப் பள்ளி கட்டினாராம்.

மணியம்: (பதறி) ஏழரையா! எனக்கே இப்போதுதான் விட்டது. காலங்காத்தாலே அந்தப் பேச்சு வேண்டாம்.

சின்னப்பன்: ஏழு கேரளாவில், அரை தமிழ்நாட்டில். அந்த அரை கி.பி. 63இல் கட்டியது என்பது சபையாரின் நம்பிக்கை.

மணியம்: பார்த்தாயா, நமக்கு வரும்போது மட்டும் அரை! மிச்சம் எங்கே? குத்தகைக்காரன் பணத்தோடு ஓடிவிட்டானா? நம் தோட்டத்து மண்டபத்திலும் தூண் நிற்கிறது, கூரையைக் காணோம்.

சின்னப்பன்: கூரையெல்லாம் இருக்கிறது. சின்னக் கோவில், அதனால் அரை என்கிறார்கள். அரசர் இடம் கொடுத்ததால் அரசப்பள்ளி, அதுதான் தேய்ந்து அரைப்பள்ளி ஆனது என்றும் சொல்கிறார்கள்.

மணியம்: பேரிலும் பாதி போச்சா!

சின்னப்பன்: திருவிதாங்கூர் என்ற பேரே அந்த ஊரிலிருந்து வந்ததுதான் அண்ணே. ராஜ்யத்துக்கே பேர் கொடுத்த ஊரில் பசியாற நான் கடை தேடி அலைந்தேன். ஆனால் கோவில்... கருங்கல் சுவரில் கை வைத்தேன், உச்சி வெயிலிலும் சில்லென்று இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, தோவாளை மல்லிகை மாலையோடு உள்ளே போய் மாதா சிலையைத் தேடுகிறேன், தேடுகிறேன்...

மணியம்: அதிலும் அரைதானா?

சின்னப்பன்: அதுகூட இல்லை. அந்தச் சபையில் சிலை வைக்கிற வழக்கம் கிடையாதாம், படம்தான். கோவிலைப் பார்த்துக்கொள்கிற கோவில்பிள்ளை என்னையும் மாலையையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

மணியம்: மாலையை என்ன செய்தாய்?

சின்னப்பன்: (குரலைத் தாழ்த்தி) நூறு ரூபாய் அண்ணே, வீசவா முடியும்? பாதியை அறுத்து வீட்டுக்காரியிடம் நீட்டினேன். பதினைந்து வருஷத்தில் முதல் பூ. அழுதேவிட்டாள். நீங்கள் எதையும் உளறிவிடாதீர்கள்.

மணியம்: சேச்சே, நான் ஏன் சொல்கிறேன்? (கடைக்காரரிடம்) தம்பி, ரொட்டி சானாய் ரெண்டு! முழுசு, அரை இல்லை. கணக்கு சின்னப்பனோடது.

சின்னப்பன்: அண்ணே!

மணியம்: மிச்சப் பாதி மாலை யாருக்குப் போனது?

சின்னப்பன்: ...தம்பி, அண்ணனுக்கு மீன் கறியும் ஊற்று.