பலெர்மோவில் கார் வேண்டாம், சொன்னால் கேளுங்கள்

இந்தக் கோடைக்கும் மூன்று பேர் இன்பொக்ஸில் கேட்டுவிட்டார்கள், "பலெர்மோ போறம், எயார்போட்டிலேயே கார் எடுக்கலாமோ?" என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை நோகிறது, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: எடுக்காதீர்கள். இத்தாலியின் சிசிலித் தீவு முழுக்கச் சுற்றப் போகிறீர்கள் என்றால் அது வேறு கதை, நகரத்தை விட்டு வெளிக்கிடுகிற அன்று எடுங்கள். பலெர்மோவுக்குள் நாலு நாள் நிற்பதற்குக் கார் என்பது காசு கொடுத்துத் தலையிடி வாங்குகிற வேலை.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. முதல்தரம் போனபோது, சூரிச்சில் ஓடுகிறவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்ற திமிரில் நானும் கார் எடுத்தேன். மச்சாள் வீடு பல்லாரோ சந்தைக்குப் பக்கத்தில். நாவிகேட்டர் சொன்னபடி ஒரு சந்துக்குள் திரும்பினேன், இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கினால்தான் கார் போகும், முன்னால் ஒருத்தர் மீன்பெட்டி இறக்கிக்கொண்டு நிற்கிறார், பின்னால் மூன்று ஸ்கூட்டர் ஹோர்ன் அடிக்குது, மேல்மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த மனுசி எனக்கு இத்தாலியனில் வழி சொல்கிறா. மீன்காரர் மட்டும் கடைசிவரை அவசரப்படவில்லை.

அது சிரிக்கிற பகுதி. நகர மையத்தில் பெரும்பகுதி இசட்.டி.எல்., அதாவது அனுமதி இல்லாத வாகனம் குறித்த நேரங்களில் உள்ளே போகக்கூடாது, போனால் கமரா நம்பரைப் பிடிக்கும். அந்தப் பலகையை நான் கண்ணாலும் காணவில்லை. அரை வருடம் கழித்து வீட்டுக்கு அபராதக் கடிதம் வந்தது. அதற்கு முதலே, கார் வாடகைக்குத் தந்த நிறுவனம் என் விலாசத்தை எடுத்துக் கொடுத்ததற்கென்று தனியாக ஒரு தொகையை என் கார்டில் கழித்திருந்தது. அபராதம் என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். விலாசம் சொன்னதற்குக் கூலி என்பதுதான் இன்னும் செமிக்கவில்லை. இவ்வளவுக்கும் அந்த நாலு நாளில் மூன்று நாள் கார் இரண்டு தெரு தள்ளிச் சும்மா நின்றது, அதைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தானாகவே வந்த ஒருத்தருக்குத் தினமும் 2 யூரோ. யாரும் நியமிக்காத காவலாளி. அங்கே அதுவும் ஒரு தொழில்.

சரி, எப்படிப் போவது?

பிளேனில் போகிறவர்களுக்குப் பெரிய குழப்பம் இல்லை. விமான நிலையம் நகரத்திலிருந்து 35 கிலோமீற்றர் மேற்கே, புந்தா ராய்சியில், மலைக்கும் கடலுக்கும் நடுவே. டெர்மினலுக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது, வெளியே பஸ் நிற்கும், இரண்டும் ஆறேழு யூரோவில் ஒரு மணித்தியாலத்துக்குள் நகரத்தின் பிரதான ரயில் நிலையமான பலெர்மோ சென்ரலே வரை கொண்டுபோய் விடும். ஆளுக்கு இவ்வளவு என்று பங்குக்கு ஏற்றும் டாக்சியும் உண்டு. நான் பஸ்ஸைத்தான் சொல்வேன், அதற்குக் காரணம் வசதி இல்லை. அந்த விமான நிலையத்துக்கு ஃபல்கோனே, போர்செல்லினோ என்று மாஃபியாவுக்கு எதிராக வழக்கு நடத்திய இரண்டு நீதித்துறைக்காரரின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் வருகிற இதே நெடுஞ்சாலையில், கபாச்சியில், 1992 மே 23 அன்று ரோட்டுக்கு அடியில் குண்டு வைத்து ஃபல்கோனேயையும் அவர் மனைவியையும் மூன்று காவலர்களையும் கொன்றார்கள். போர்செல்லினோவை அதற்கு இரண்டு மாதத்துக்குள். ரோட்டின் இரண்டு பக்கமும் சிவந்த தூண் நிற்கும், மேலே மலைச்சரிவில் ஒரு வெள்ளைக் கட்டடத்தில் மாஃபியா வேண்டாம் என்று பெரிதாக எழுதியிருக்கும். பஸ் அந்த இடத்தை ஒரு நொடியில் கடந்துவிடும், ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறிவிடும்.

ஆனால் நேரம் இருக்கிறவர்கள் தயவுசெய்து ரயிலில் போங்கள். ரோமில் இருந்து பதினொன்று, பன்னிரண்டு மணித்தியாலம், மிலானில் இருந்து இரவு ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு முழுநாள். நீட்டுத்தான், தெரியும். இதற்குள் ஒரு விஷயம் இருக்கிறது, ரயில் கப்பலில் ஏறும். உண்மையாகவே ஏறும். இத்தாலித் தரை முடிகிற வில்லா சான் ஜோவன்னியில் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றி, தண்டவாளம் போட்ட கப்பலின் வயிற்றுக்குள் பெட்டிகளைத் தள்ளுவார்கள். ஒரு குலுக்கல், இன்னொரு குலுக்கல், ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் போய் இரும்புச் சுவர் வந்து நிற்கும், டீசல் மணம். இறங்கி ஒடுக்கமான படியால் மேல்தட்டுக்குப் போனால் ஒரு பக்கம் விட்டு வந்த கலாபிரியா, மறுபக்கம் சிசிலியின் மெசினா, சுற்றிவரக் கடல். அங்கே பாரில் சூடாக அரஞ்சினோ விற்பார்கள், பொரித்த சோற்று உருண்டை, உள்ளே இறைச்சிக் கறி. (பலெர்மோவில் இறங்கிய பிறகு அதை அரஞ்சினா என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி எழுத்துக்காகத் தீவின் இரண்டு பக்கமும் சண்டை பிடிக்கும்.) நான் முதல்தரம் அதைக் கடித்துக்கொண்டு நின்றதில் நேரம் போனது தெரியவில்லை, இறங்கி வந்தால் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி, என்ர பை எந்தப் பெட்டியில் என்று ஓடித் திரிந்தேன். பெட்டி நம்பரைப் படம் எடுத்துவிட்டு மேலே போங்கள்.

கடல் கடக்க அரை மணித்தியாலம், கழற்றிப் பூட்டுகிற வேலை அதைவிடக் கனக்க நேரம். இதைத் தாமதம் என்று சொல்லித்தான் பாலம் கேட்கிறார்கள். 3.3 கிலோமீற்றர் ஒரே தாவலில் தொங்குபாலம், 2025 ஓகஸ்டில் அரசாங்கம் ஓம் என்றது, ஒக்டோபரில் கணக்காய்வு நீதிமன்றம் மறித்தது. வந்தால் அங்குள்ள சனத்துக்கு நல்லதாகவும் இருக்கலாம், தினமும் கடக்கிறவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும், வருடத்துக்கு ஒருக்காப் போகிற நான் கப்பலுக்காக அழுவது ஞாயமில்லை. ஆனாலும் அழுவேன்.

கப்பலிலேயே நேராகப் போகலாம். நாப்போலியில் இரவு ஏறினால் விடியப் பலெர்மோ, ஜெனோவாவில் இருந்து இருபது மணித்தியாலமளவில். பெரிய லாபம் என்னவென்றால், துறைமுகம் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது, பையை இழுத்துக்கொண்டு பத்து நிமிடம் நடந்தால் பொலித்தெயாமா சதுக்கம்.

உள்ளே போன பிறகு கால்தான் வாகனம். சென்ரலேயில் இருந்து மக்கேதா தெருவால் நேரே நடந்தால் குவாத்ரோ கந்தி என்கிற நாற்சந்தி, அப்படியே தெயாத்ரோ மாசிமோ என்கிற ஒப்பெரா அரங்கு, இருபது, இருபத்தைந்து நிமிடம், மேடு இல்லை, பெரும்பகுதி கார் இல்லாத தெரு. டிராம் 2015 கடைசியில் வந்தது, நல்ல டிராம்தான், ஆனால் புறநகருக்குத்தான் ஓடுது, பழைய நகரத்துக்குள் வராது. நகர பஸ்ஸில் 101ஐ மட்டும் நினைவில் வைத்தால் போதும், சென்ரலேயில் இருந்து பொலித்தெயாமா பக்கம் போகும். ரிக்கெட்டை சிகரெட் விற்கிற தபாக்கிக் கடையில் முதலே வாங்கி, ஏறியதும் மெஷினில் குத்த வேண்டும். மொண்டெல்லோ கடற்கரைக்கு 806. அதற்கு நின்றுதான் பொறுமை பழகினேன். ஓகஸ்ட் பின்னேரம், பலகையில் 6 நிமிடம் என்று போட்டது, பிறகு 14 ஆனது, பிறகு அந்த வரியே இல்லாமல் போனது, பக்கத்தில் குடை, வாளி, மூன்று பிள்ளைகளோடு நின்ற தாய் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லாப்பா என்று மூன்று சில்லு வண்டி வந்து "டூர், டூர்" என்று மறிக்கும். பியாஜியோ கொம்பனியின் ஆப்பே, 1948இல் பிறந்தது, நம்மூர் ஓட்டோவுக்கு முன்னோடி, பஜாஜ் முதலில் பியாஜியோவிடம் உரிமம் வாங்கித்தான் ஓட்டோ செய்தது. விலையை ஏற முதல் பேசுங்கள். என்னிடம் 40 கேட்டவர் 25க்கு வந்தார், யாழ்ப்பாணத்தில் பழகிய பேரம் அங்கே நன்றாக வேலை செய்யுது.

அப்புறம் நகரத்தை ஒட்டி நிற்கிற மொந்தே பெல்லெக்ரினோ மலை. அங்கே இருக்கிற எங்கட ஆட்கள் கிறிஸ்தவம், சைவம் பார்க்காமல் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் போவார்கள், குகைக்குள் கோயில், பாறையில் கசிகிற தண்ணீரைத் தகரப் பீலி வைத்துத் திருப்பியிருப்பார்கள். பொலித்தெயாமா பக்கமிருந்து 812 பஸ் மேலே போகும். மச்சாள் ஒருநாளும் பஸ்ஸில் ஏறமாட்டாள், கல் பதித்த பழைய பாதையால் நடைதான். போனமுறை நானும் அவளோடு நடந்தேன், பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டு கல்லில் குந்திவிட்டேன், அவள் செருப்பைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்து, "சூரிச்சில லிஃப்ட் இருக்கு, இங்க இல்ல" என்றாள். இறங்கும்போது பஸ்தான் என்று பிடிவாதமாக நின்று, நாற்பது நிமிடம் காத்திருந்து வந்தேன். அவள் நடந்தே இறங்கி, வீட்டில் தேத்தண்ணி ஊற்றிவிட்டிருந்தாள்.