ஒரு நாற்காலிக்கு 21,000 ரூபாய்

டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் இருக்கும் புத் சர்க்யூட் என்ற ரேஸ் டிராக்கைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே நண்பர்கள் வட்டத்தில் ஒரே பதில்தான் வருகிறது. "நம்ம நாட்டுல கிரிக்கெட்டைத் தவிர வேற எதுக்குங்க கூட்டம் வரும்?" இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். கூட்டம் வந்தது. அந்தக் கூட்டத்துக்குள் நான் நின்றிருக்கிறேன். வந்தவர்களை மறுபடி வரவைக்க முடியாமல் போனதற்கு ரசிகர்கள் மேல் பழி போடுவது நியாயமே இல்லை.

2011 அக்டோபர் 30, உலகின் உச்ச கார் ரேஸான ஃபார்முலா ஒன் இந்தியாவில் முதல்முறை நடந்த நாள். நானும் என் சித்தப்பா மகனும் கோவையிலிருந்து இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்து டெல்லி போனோம். இருந்ததிலேயே மலிவான 2,500 ரூபாய் டிக்கெட். மெயின் ஸ்டாண்டுக்கு 35,000 ரூபாய். அன்றைக்கு என் மாதச் சம்பளமே அதைவிடக் குறைவு என்பதால் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

ரேஸுக்கு முன்னால் ஒரு நிமிட மௌனம். முந்தைய ஞாயிறுதான் மலேசியாவின் செபாங் டிராக்கில் பைக் ரேஸ் வீரர் மார்கோ சிமோன்செல்லி விபத்தில் இறந்திருந்தார். அதற்கு முந்தைய ஞாயிறு லாஸ் வேகஸில் கார் ரேஸ் வீரர் டான் வெல்டன். அவ்வளவு பெரிய கூட்டம் சத்தமில்லாமல் நின்றதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அப்புறம் ரேஸ் தொடங்க அடையாளமாக விளக்கு அணைந்தது. நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றும் வி8 எஞ்சின்கள் ஒன்றாகக் கிளம்பினால் அது காதுக்கு மட்டும் கேட்கிற சத்தம் இல்லை, நெஞ்சுக்கூட்டில் இடிக்கும். பக்கத்தில் இருந்த தம்பி ஏதோ கத்தினான், வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. ஜெர்மனியின் செபாஸ்டியன் வெட்டல் முதலில் போனார். ஆனால் எங்கள் கண் கடைசி வரிசையில் இருந்தது. ஹெச்ஆர்டி என்ற அணியின் வண்டியில் நம்ம கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் எங்களைத் தாண்டும்போது, நாங்கள் மட்டுமில்லை, எங்கள் வரிசையில் இருந்த சர்தார்ஜி குடும்பமும் எழுந்து நின்று கை தட்டியது. 17-ஆவதாக முடித்தார். சச்சின் கொடி அசைத்தார். திரும்பி வரும் ரயிலில் தம்பி சொன்னான், "அண்ணா, அடுத்த வருசம் அப்பாவையும் கூட்டிட்டு வந்துரலாம்."

அடுத்த வருடம் நாங்கள் போகவில்லை. போகாதவர்கள் நாங்கள் மட்டுமில்லை. முதல் வருடம் 95,000 பேர் வந்ததாகச் சொன்னார்கள், இரண்டாம் வருடம் அது 65,000 அளவுக்கு இறங்கிவிட்டது. 2013-இல் மூன்றாவது ரேஸ். அங்கேதான் வெட்டல் நான்காவது உலகப் பட்டத்தை உறுதி செய்து, மெயின் ஸ்டாண்டுக்கு முன்னால் வண்டியை வட்டமடித்துப் புகை கிளப்பி, இறங்கி வந்து அதன் முன்னால் மண்டியிட்டார். அதோடு முடிந்தது. மூன்றே வருடம்.

ஏன் என்று கேட்டால் பலரும் "டிக்கெட் விலை கொள்ளை" என்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். 2017 ஏப்ரலில் ஃபார்முலா ஒன் வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைப் படித்த பிறகுதான் கணக்கு புரிந்தது. ரேஸை நடத்தும் உரிமைக்காக இங்குள்ள நிறுவனம் கட்ட ஒப்புக்கொண்ட தொகை 4 கோடி டாலர். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 200 கோடி ரூபாய். முதல் வருடக் கூட்டமான 95,000-ஆல் அதை வகுத்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு 21,000 ரூபாய் வருகிறது. இது உரிமத் தொகை மட்டும். டிராக் கட்டின கடனுக்கு வட்டி, காவல், மருத்துவக் குழு, கரன்ட், வரி எதுவும் இதில் சேரவில்லை. நான் 2,500 கொடுத்து உட்கார்ந்திருந்த இடத்துக்கு அவர்கள் கணக்குப்படி 21,000 வசூலாகியிருக்க வேண்டும்!

சரி, விளம்பரத்தில் வராதா, டிவியில் வராதா என்று கேட்கலாம். அதே தீர்ப்பில் அதற்கும் பதில் இருக்கிறது. 4 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தான 2011 செப்டம்பர் 13-ஆம் தேதியே வேறு சில ஒப்பந்தங்களும் கையெழுத்தாகின. ஒளிபரப்பு, ரேஸின் பெயருக்கு விளம்பரதாரர் பிடிக்கும் உரிமை, பணக்கார விருந்தினர்களை உட்காரவைக்கும் பேடாக் பகுதி என்று காசு வரும் கதவுகள் ஒவ்வொன்றாக ஃபார்முலா ஒன்னின் சார்பு நிறுவனங்கள் கைக்குப் போய்விட்டன. டிராக்கைக் கட்டினவன் கையில் மிஞ்சியது ஏறக்குறைய வாசலில் கிழிக்கும் டிக்கெட் மட்டும்தான். கல்யாண மண்டபத்தைச் சொந்தச் செலவில் கட்டிவிட்டு, மொய், சீர், சாப்பாட்டுக் காசு எல்லாவற்றையும் வந்தவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சைக்கிள் ஸ்டாண்ட் வசூலில் கடனை அடைக்கப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

பஹ்ரைனும் அபுதாபியும் அஜர்பைஜானும் ஓட்டுகிறார்களே என்றால், அங்கே அரசாங்கம் தன் ஊரை உலகத்துக்குக் காட்டப் பணம் கொடுக்கிறது. இங்கே இது தனியார் முதலீடு. போதாததற்கு, ரேஸ் விளையாட்டா கேளிக்கையா என்கிற சண்டை வேறு. கேளிக்கை என்றால் டிக்கெட்டுக்குக் கேளிக்கை வரி. உதிரி பாகம், டயர், எஞ்சின் இறக்க சுங்க வரி. வரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசு இதற்குக் காசு கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டிய பணம் அது. ஆனால் சைக்கிள் ஸ்டாண்ட் வசூலிலும் ஒரு கை வைத்தால் என்ன மிஞ்சும்?

அரசாங்கமே நடத்திய மலேசியாவிலும் இதுதான் நடந்தது. செபாங் டிராக்கை வடிவமைத்ததும் புத் டிராக்கை வடிவமைத்த அதே ஹெர்மன் டில்கேதான். 1999-இல் தொடங்கி 19 ரேஸ் நடந்தது. 2008-இல் பக்கத்தில் சிங்கப்பூர் இரவு ரேஸ் வந்த பிறகு கூட்டம் அங்கே திரும்பியது, உரிமத் தொகை ஏறியது, டிக்கெட் விற்பனை இறங்கியது. 2017-இல் போதும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் டிராக் சாகவில்லை. மோட்டோஜிபி பைக் ரேஸ் இன்றும் அங்கே நடக்கிறது. ஏனென்றால் அந்த ஊரில் பைக் வைத்திருப்பவன்தான் அதிகம். அவன் கையில் இருக்கும் காசுக்கு டிக்கெட் வைத்தார்கள், அவன் குடும்பத்தோடு வந்தான்.

என் கருத்து இதுதான். ஒரு டிராக் வருடத்தில் ஒரு நாள் வரும் 35,000 ரூபாய் ஆளை நம்பி உயிரோடு இருக்க முடியாது. சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் 100 ரூபாய், 200 ரூபாய் கொடுத்து வருகிறவனைப் பழக்கப்படுத்தினால்தான் இருக்க முடியும்.

அந்தப் பழக்கம் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும், எனக்கே அப்படித்தான் வந்தது. எங்கள் ஊர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2.1 கிலோமீட்டர்தான், சின்ன டிராக். இந்திய ரேஸிங்கைத் தூக்கி நிறுத்திய கரிவரதன் பெயரில் இருப்பது. ஒருமுறை தேசிய பைக் ரேஸுக்கு அக்கா பையனைக் கூட்டிப் போயிருந்தேன், அப்போது அவனுக்கு ஒன்பது வயது. வண்டிகளைத் தயார் செய்யும் இடமான பேடாக்கில் ஒரு மெக்கானிக் தரையில் உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். இவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, "வாடா தம்பி, இங்க கை வை" என்று அப்போதுதான் கழற்றிய டயரைத் தொடவைத்தார். சூடு இன்னும் இறங்கவில்லை. ரப்பர் உருகி ஜவ்வு மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டது. பையன் அன்றைக்குக் கை கழுவ மறுத்துவிட்டான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் விரலைக் காட்டியிருக்கிறான். மாமா அடுத்த ரேஸ் எப்போ, மாமா அடுத்த ரேஸ் எப்போ என்று ஒரு மாதம் உயிரை எடுத்தான். அந்த ஒரு நிமிடத்துக்கு யாருக்கு என்ன செலவு?

இதற்கு நேர் எதிரானதையும் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில் ஒரு ரேஸ். எந்த ஊர், யார் நடத்தினார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிப் பெரிய டிரம்மில் போட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற அறுபது வயசுப் பெரியவர் "மாத்திரை போடணும் தம்பி" என்று கெஞ்சினார். "உள்ளே வாங்கிக்கோங்க" என்றார்கள். உள்ளே 20 ரூபாய் பாட்டில் 60 ரூபாய். மதியம் இரண்டு மணிக்கு அதுவும் தீர்ந்துவிட்டது. தலைக்கு மேல் கூரை கிடையாது, வெறும் சிமென்ட் படி, உட்கார்ந்தால் தொடை பொசுங்கியது. ஒலிபெருக்கி எங்கோ தூரத்தில் முனகியது. பத்தாவது சுற்றுக்கு மேல் யார் முன்னால் போகிறார், யார் ஒரு சுற்று பின்தங்கியவர் என்றே யாருக்கும் தெரியவில்லை. பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டு ஒரு அம்மா, கைக்குழந்தையோடு, கேட்டுக்கு கேட்டு அலைந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ரேஸ் பாதியில் இருக்கும்போதே அந்தக் குடும்பம் எழுந்து போய்விட்டது. அந்த டிக்கெட் 300 ரூபாய்தான். விலை குறைவுதான். ஆனால் அந்தக் குடும்பம் இனி சும்மா கொடுத்தாலும் வராது.

அதனால்தான் விலையைக் குறைத்தால் போதும் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பி வரும்வரை ஆகும் செலவுதான் டிக்கெட் விலை. புத் டிராக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் மெட்ரோ நொய்டாவோடு நின்றுவிட்டது. கிரேட்டர் நொய்டாவுக்கு மெட்ரோ வந்ததே 2019-இல், அதுவும் டிராக் வாசல்வரை போவதில்லை. சொந்த வண்டி இல்லாதவன் போக முடியாத இடத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரும் ஸ்டாண்ட் கட்டியாகிவிட்டது. நாலு பேர் குடும்பத்துக்கு மலிவான டிக்கெட்டே 10,000 ரூபாய், அதற்கு மேல் டாக்சி, சாப்பாடு, வெளியூர் என்றால் லாட்ஜ். ஒருமுறை வேடிக்கை பார்க்க வருவார்கள். இரண்டாவது முறைக்கு வீட்டில் ஓட்டெடுப்பு நடந்தால் தோற்றுவிடும்.

2023 செப்டம்பரில் மோட்டோஜிபி அங்கே வந்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. உலகத்திலேயே அதிகமாக இருசக்கர வண்டி ஓடும் நாடுகளில் ஒன்று இது. இந்த ரேஸ் இங்கே ஓடாமல் வேறெங்கே ஓடும்? கடைசி நேரத்தில் வீரர்களுக்கே விசா தாமதம். செப்டம்பர் வெயில் தாங்காமல் ரேஸின் சுற்றுகளைக் குறைத்தார்கள். பெட்செக்கி ஜெயித்தார், இரண்டாவதாக வந்த மார்ட்டின் உடம்பில் நீர் வற்றி ஓய்ந்துபோனார். பழக்கப்பட்ட, உச்ச உடல் தகுதியில் இருக்கும் வீரனுக்கே அந்தக் கதி என்றால் திறந்த ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள் நிலைமையை யோசியுங்கள். 2024 ரேஸ் ரத்து. வருகிறது வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்து வராமல் போவது ரசிகனுக்குச் செய்கிற பெரிய துரோகம். பணத்தைச் சேர்த்துவைத்து, லீவு போட்டு, ரயில் டிக்கெட் எடுத்தவன் அடுத்த அறிவிப்பை நம்பமாட்டான்.

இத்தனைக்கும் நடுவில் அதே டிராக்கில் எனக்குப் பிடித்த ஒன்றும் நடந்தது. 2014-இல் டாடா அங்கே லாரி ரேஸ் தொடங்கியது. முதலில் வெளிநாட்டு ஓட்டுநர்கள் மட்டும் ஓட்டினார்கள். 2016-இல் நம் நெடுஞ்சாலைகளில் சரக்கு ஏற்றிப் போகும் ஓட்டுநர்களுக்கே பயிற்சி கொடுத்து டிராக்கில் இறக்கினார்கள். டாபாவில் கயிற்றுக் கட்டிலில் படுத்து எழுந்து போகிற மனிதர் ஹெல்மெட் போட்டு ரேஸ் கிளம்பும் வரிசையில் நிற்கிறார்! இதைப் பார்க்க அவருடைய ஊரே வரும், சக ஓட்டுநர்கள் வருவார்கள், கிளீனர் பையன்கள் வருவார்கள். உரிமத் தொகை என்று வெளிநாட்டுக்கு ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. இதை வளர்த்திருக்க வேண்டும். நாமக்கல்லில் இப்படி ஒரு ரேஸ் நடந்தால் உட்கார இடம் கிடைக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்றைக்கு அந்த டிராக்கின் நிலை தெரிந்ததுதான். 2020-இல் நில ஒதுக்கீட்டை அங்குள்ள ஆணையம் ரத்து செய்தது. கட்டின நிறுவனம் 2024-இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. கார் கம்பெனிகளின் அறிமுக விழா, பணம் கட்டிச் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கிறவர்களின் டிராக் டே, இவைதான் பெரும்பாலும் அதை ஓட்டிக்கொண்டிருந்தன. 5.125 கிலோமீட்டர், மேடும் பள்ளமுமாக, நேர்கோட்டில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டலாம். அவ்வளவு அருமையான டிராக், ஸ்டாண்டுகள் காலி.

நாளைக்கு யார் கைக்கு அது போனாலும், உடனே "ஃபார்முலா ஒன்னைத் திரும்பக் கொண்டுவருவோம்" என்றுதான் முதலில் அறிவிப்பார்கள் என்று பயமாக இருக்கிறது. தயவுசெய்து அதை ஒரு ஐந்து வருடம் தள்ளிப்போடுங்கள். மெட்ரோ கடைசி நிலையத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விடுங்கள், அந்தப் பஸ் காசு டிக்கெட்டிலேயே சேர்ந்திருக்கட்டும். தேசிய ரேஸுக்கு 200 ரூபாய்க்கு மேல் வைக்காதீர்கள், பள்ளிப் பிள்ளைகளைச் சும்மா விடுங்கள். ஒரு லட்சம் இருக்கையையும் திறக்க வேண்டாம், கூரையுள்ள ஒரே ஒரு ஸ்டாண்டைத் திறந்து அதை நிரப்புங்கள். நிரம்பிய ஒரு ஸ்டாண்டில் கிளம்பும் சத்தம் காலியான பத்து ஸ்டாண்டில் கிளம்பாது. குடிதண்ணீர்க் குழாய் வையுங்கள். மதிய இடைவேளையில் பேடாக்கைத் திறந்துவிடுங்கள். ரேஸை நிலவரத்தோடு சொல்ல, இந்தியும் ஆங்கிலமும் தெரிந்த நல்ல குரல் ஒன்றைப் பிடியுங்கள்.

அக்கா பையனுக்கு இப்போது பதினாறு வயது. நரேன் அன்றைக்கு ஓட்டிய ஹெச்ஆர்டி வண்டியின் படத்தைப் படிப்பு மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறான். போன வாரம் அவனுக்கு அந்த 2011 டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன், இத்தனை வருடமாகப் பீரோவில் வைத்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, அங்க நாம எப்ப போறோம்?" என்று கேட்டான். பிளஸ் டூ முடியட்டும்டா என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் அங்கே ஒரு நல்ல தேசிய ரேஸாவது ஒழுங்காக நடக்க வேண்டும். இந்த முறை சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.